வருடத்துக்கு ஒரு நிமிடம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தம்பி அந்தச் சுவிட்சைத் திருப்பினான். அன்றிலிருந்து அந்த வீட்டின் மேல்மாடி வருடத்துக்கு ஒரு நிமிடம் பின்தங்கியது.

வீடு அக்காவுடையதும் தம்பியுடையதும். மேலே அவள் குரல்களைப் பதிவு செய்தாள். கீழே அவன் அவற்றோடு இசையைச் சேர்த்தான். இரண்டு தளத்திலும் ஒவ்வொரு கன்வெர்ட்டர். ஒலியை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்களாக வெட்டும் பெட்டி. இரண்டு பெட்டிகளை இணைத்தால் ஒன்று மற்றதன் உள்கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். எதைப் பின்பற்றுவது என்று சொல்ல ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சுவிட்ச். அதுவரை கீழ்ப்பெட்டி மேல்பெட்டியைப் பின்பற்றியது. தம்பி புதிய பெட்டி வாங்கியதும் பேச்சு மாறியது.

"உனக்கு முன்னாடி பொறந்தவ நான். என் கிளாக்தான் மாஸ்டர்."

"முன்னாடி பொறந்தா மணி சரியாயிடுமா? என்னுது புதுசுக்கா."

"புதுசுன்னா நீயே கட்டிக்கிட்டு அழு."

அவன் சுவிட்சைத் தன் கடிகாரத்துக்கே திருப்பிக்கொண்டான். அவளும் தன் சுவிட்சைத் தொடவில்லை. பதினோரு நொடிக்கு ஒரு முறை பதிவில் 'டக்' என்றது. பழுது பார்க்க வந்தவர் பெட்டிகளில் குறையில்லை, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும் என்றார். அக்கா கீழே கை காட்டினாள். தம்பி மேலே கை காட்டினான். அவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு அவரவர் வேலையை அவரவர் பார்த்தார்கள். பேச்சு நின்றது. மூன்றாம் வருடம், கீழே மழை விட்டு மூன்று நிமிடம் கழித்து மேலே விட்டது. ஆறாம் வருடம் தம்பிக்குக் கல்யாணம். அழைப்பிதழைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அவள் எடுத்துப் படித்தாள், இறங்கவில்லை. விருந்தினர் கலைந்து ஆறு நிமிடம் ஆன பிறகும் அவள் தரைக்கடியில் சிரிப்பு கேட்டது. பத்தாம் வருடம், தெருவில் மின்சாரம் போனால் அக்கம்பக்கத்தார் பாதி தேய்த்த சட்டைகளோடு மாடிக்கு வந்து பத்து நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் வந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் தெருமுனையில் நிற்கும், படியிறங்கினால் போயிருக்கும். ஏறும்போது கிடைத்த நிமிடங்கள் இறங்கும்போது படியிலேயே கழன்றுவிட்டன. அவர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

அக்கா தனியாகச் சாப்பிட்டாள். தம்பி தட்டு கழுவும் சத்தம் கேட்டதும் தானும் எழுந்து தட்டு கழுவினாள். அவன் அப்போது தூங்கப் போயிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் வருடம் ஒரு பிற்பகலில் தம்பி மனைவி செருப்பில்லாமல் மேலே ஓடிவந்தாள். கீழே அப்போது மணி நான்கு பத்து.

"அக்கா, அவரு... மூச்சு நின்னுடுச்சுக்கா. எதிர்வீட்டு டாக்டர் பாத்துட்டு இல்லன்னுட்டாரு."

மேலே மணி மூன்று ஐம்பத்தொன்று. தரைக்கடியில் தம்பி இருமினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

தம்பி மனைவி தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பதித்தாள்.

"இருக்காருக்கா," என்றாள். "இன்னும் இருக்காரு."

அக்காவின் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. அவன் கடிகாரமே இருந்துவிட்டுப் போகட்டும். பத்தொன்பது வருடத்தில் அப்படித் தோன்றியது அதுதான் முதல் முறை. விரல் வைத்த பிறகுதான் உறைத்தது: திருப்பினால் மேலேயும் நான்கு பத்து ஆகிவிடும். இருமல் நின்றுவிடும். கையை எடுத்துக்கொண்டாள்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் கீழ் அறையோடு பேசும் பொத்தான் இருந்தது. கீழேயிருந்து வருவது தாமதமாக வரும் என்பது தெருவுக்கே தெரியும். மேலேயிருந்து போகும் குரல் எந்த மணிக்குப் போய்ச் சேரும் என்பது யாருக்கும் தெரியாது. யாரும் கூப்பிட்டதில்லை.

"சீக்கிரம் பேசுங்கக்கா," என்றாள் தம்பி மனைவி. "உங்க பேச்சைத்தான் கேப்பாரு."

அக்கா பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே பாட்டு நின்றது.

"டேய் தம்பி, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மேல வாடா."