கையில் மெழுகுவர்த்தி

ஃபெலிக்ஸ் ஆவடி தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். நூறு போல்ட் வந்தால் நூறையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவான். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டான்.

அவன் மனைவி ஜெயசீலி, அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடை தைக்க வீட்டிலேயே மெஷின் போட்டிருந்தாள். வருகிற ஈஸ்டருக்குள் ஆர்டர் சேராவிட்டால் திரும்பக் கம்பெனிக்கே போவது என்று பேச்சு. போக அவளுக்குத் துளியும் மனசில்லை. ஃபெலிக்ஸ் அவளுக்கு ஒரு வலைத்தளம் போட்டுக் கொடுத்தான். இணையத்தில் தேடினால் அது நாலாம் பக்கத்தில் கிடந்தது. நாலாம் பக்கம் வரை எந்த மகராசி தேடி வருவாள்?

பிற தளங்கள் நம் தளத்துக்கு இணைப்பு கொடுத்தால் நாம் மேலே ஏறலாம் என்று கேள்விப்பட்டான். 'ஒரே வாரத்தில் இரண்டாயிரம் இணைப்பு' என்ற விளம்பரத்தைக் கண்டதும் வாங்கிவிட்டான். முதல் வாரம் தளம் இரண்டாம் பக்கத்துக்கு ஏறியது. வீட்டில் மட்டன் பிரியாணி. அடுத்த வாரம், போலி இணைப்புகளைத் தேடுபொறி கண்டுபிடித்துவிட, தளம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஜெயசீலி அந்த இரண்டாயிரத்தைத் திறந்து பார்த்தாள். சீட்டாட்டம், சூதாட்டம், வழுக்கைத் தலைக்குத் தைலம்.

"இன்னாங்க இது? புதுநன்மை கவுனுக்கு சீட்டாடுறவனா சிபாரிசு? போல்ட்ட தட்டித் தட்டிப் பாக்குற ஆளு, இதுல ஒண்ணு கூட தொறந்து பாக்கலியா?"

ஃபெலிக்ஸுக்கு மானம் போனது. 'இவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று பட்டியல் போட்டுத் தேடுபொறிக்கு அனுப்பவே ஒரு மாதம் ஆயிற்று.

ஜனவரியில் தெரிந்தவர்கள் வழியாகச் சில ஆர்டர்கள் வந்தன. போனில் வந்த அளவுகள் எல்லாம் தாறுமாறு. எரிச்சல் தாங்காமல் ஜெயசீலி தளத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டாள். மே மாதம் புதுநன்மை வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும், அடி மடிப்பில் இரண்டு அங்குலம் விடுங்கள். ஷூ போட்டு அளவெடுங்கள். கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து நிற்க வையுங்கள், பற்றவைக்காமல்தான். தொங்குகிற லேஸ் கை வேண்டவே வேண்டாம், பூசையில் எரிகிற மெழுகுவர்த்தியோடு நிற்கப் போகிற பிள்ளை.

கொரட்டூர்க் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் ஷாரன் அதைப் படித்தாள். போன வருடம் அவள் வகுப்புப் பெண் ஒருத்தியின் கை லேஸ் பொசுங்கியிருந்தது. பெற்றோருக்கான அறிவிப்போடு அந்தப் பக்கத்தின் இணைப்பையும் தன் பங்குக் கோயிலின் தளத்தில் போட்டாள். அதைப் பார்த்துப் பூந்தமல்லிப் பக்கம் இன்னும் நாலு பங்குக் கோயில்கள் போட்டன.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு மதியம், ஃபெலிக்ஸ் கேன்டீனில் உட்கார்ந்து தேடினான். முதல் பக்கம், இரண்டாவது பெயர். நம்பாமல் அந்த ஐந்து இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரி வரை படித்தான். சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு. உள்ளே ஒரு சின்னப் பெண் கை நீட்டி நிற்க, ஜெயசீலி டேப்போடு முழங்காலிட்டிருந்தாள். அவள் போன் அடித்தது, ஃபெலிக்ஸ் எடுத்தான். கம்பெனி சூப்பர்வைசர்.

"எப்ப வரீங்கன்னு கேக்குறாங்க," என்றான் ஃபெலிக்ஸ்.

"கைல வேல கீது, வரமாட்டேன்னு சொல்லுங்க," என்றாள், வாயில் குண்டூசியோடு. "சொல்லிட்டு அந்த மெழுகுவத்திய எட்த்தாங்க. நெளியாததா, நல்லதா பாத்து."

பெட்டியில் இருந்த பன்னிரண்டையும் உருட்டிப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தான் ஃபெலிக்ஸ்.