சிஸ்டர் இமெல்டாவின் அடுப்பு

வாடிப்பட்டி கன்னியர் மடத்தில் பன்னிரண்டு வருஷம் சமைத்தவள் நான். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பங்களாவில் பிறந்தவர்கள் என்றுதான் சிஸ்டர் இமெல்டா வரும்வரை நினைத்திருந்தேன். அயர்லாந்தில் அவர் வீட்டுக்கு வைக்கோல் கூரையாம், குனிந்துதான் நுழைய வேண்டுமாம். மழையும் குளிருமான ஊர். வீட்டுக்கு ஒரே அடுப்பு. சதுப்பு நிலத்தில் மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம்.

"எங்க தாத்தாவோட தாத்தா காலத்துல இருந்து அந்த நெருப்பு அணையல, மரியம்மா" என்பார், என்னிடம் கற்ற தமிழில்.

விடியும்வரை அணையாமலிருக்க, தினமும் இரவு அவர் அம்மா செபம் சொல்லிக்கொண்டே கங்குகளைச் சாம்பலால் மூடுவாராம். மடத்து அடுப்பையும் அப்படி மூட வேண்டும் என்றார். தண்ணீர் தெளித்துக் கரியை எடுத்துவைக்கிறவள் நான். விறகுக்குக் கேடு என்று முணுமுணுத்தேன்.

"கன்னியரா இருப்பேன்னு சாமிக்கு வார்த்தைப்பாடு குடுத்துட்டேன், இனி ஊருக்குப் போக முடியாது. அங்க அம்மா மூடுறாங்க, இங்க நான் மூடுறேன்" என்றார். நானே சாம்பலை அள்ளிக் கொடுத்தேன். பெற்றவளுக்காக ஏங்குகிறவள் எந்த நிறமாக இருந்தால் என்ன?

நாலு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மா இறந்துவிட்டார். அண்ணன் வீட்டைப் பூட்டிவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். சிஸ்டர் அடுப்பின் முன் உட்கார்ந்து அழுதார்.

"அங்க அணைஞ்சுபோச்சு. இதாவது அணையாம இருக்கே."

அணையாமலா? ஏழெட்டுத் தடவை அணைந்திருக்கிறது. தீப்பெட்டியோ மடத்துத் தலைவி மதரின் அலமாரியில். விடிவதற்குள் பக்கத்துத் தெரு இருளாயி வீட்டுக்கு ஓடி, கொட்டாங்கச்சியில் நெருப்பு வாங்கிவந்து, சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல ஊதுவேன். அந்தப் பொய்யின் முன்னால் அவர் அழுவதைப் பார்த்துச் சகிக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் அழுகையோடு சிரித்தார்.

"எங்கம்மாவும் அப்பா எந்திரிக்கறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்கு ஓடுவாங்க. இடுக்கியால கங்கு எடுத்துட்டு, மழையில நனையாம இடுப்புல கட்டுன துணியால மறைச்சு ஓடியாருவாங்க. நான் சன்னல் வழியா பாத்திருக்கேன்."

"நீங்க பாத்தது அம்மாவுக்குத் தெரியுமா, சிஸ்டர்?"

"தெரியாது. ஒருநாளும் சொல்லல" என்றார். "இப்ப அம்மாகிட்டச் சொல்லணும்போல இருக்கு, மரியம்மா."