பளீல் ஹாஜியாரின் ‘இ’

1

இந்தக் கதை ஓர் ஆங்கிலேயரைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஏதோவொரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருந்து, பிறகு அரசியலுக்குப் போனவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். நானும் உற்சாகத்தோடு தொடங்கினேன்.

‘பனி பெய்த ஒரு காலையில் திருவாளர் எட்வர்ட் கடையைத் திறந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, கருவாட்டுச் சாக்கை...’

அதோடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த கடை இலங்கையில், கொடகவெலயில்தான் இருக்கிறது. ஆகவே எட்வர்டை வெட்டிவிட்டுப் பளீல் என்று எழுதினேன். (பத்திரிகைக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும். இருவருக்கும் தொப்பி உண்டு, தொப்பையும் உண்டு.)

2

பளீல் 1992இல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கடை போட்டார். அரிசி, கருவாடு, செருப்பு, மண்ணெண்ணெய். கடைக்காரன் வாயில் ‘இல்லை’ வரக்கூடாது, வந்தால் கடையின் பரக்கத், அதாவது இறைவன் தரும் விருத்தி, போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. சீனி தீர்ந்துபோனால் “வரும்” என்பார். ஒருமுறை ஒருவர் வேடிக்கைக்கு யானை கேட்டார். “அடுத்த லொறியில வரும்,” என்றார், முகம் மாறாமல்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் எவ்வளவு காலம் கடையோடு விட்டுவைக்கும்? 1997இல் பிரதேச சபைக்கு மெம்பராக அனுப்பிவைத்தது. ரோட்டு வருமா? வரும். தண்ணீர் வருமா? வரும். சிங்களத்தில் கேட்டவர்களுக்குச் சிங்களத்திலேயே வந்தது.

[இந்த இடத்தில் ஜனநாயகம் பற்றி இரண்டு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்களும் ஓட்டுப் போட்டவர்தானே.]

3

ஜீவராணியை முதலில் புரட்சிக்காரியாக எழுதினேன். கண் சிவந்து, கை உயர்ந்து... சரிவரவில்லை. விடிந்ததும் கொழுந்து பறிக்க மலையேறுகிறவளுக்குக் கண் சிவக்க ஏது நேரம்?

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறாள். 2006இலும் அந்த லயத்துக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. பளீலின் “வரும்” மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் போத்தல் விளக்கு சரிந்து மகள் துஷ்யந்தியின் வலது கை வெந்துபோனது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதை எழுதும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

(விளக்குக்கு மண்ணெண்ணெய், பளீல் கடையில் வாங்கியது. அந்தச் சாமான் மட்டும் அங்கே ஒருநாளும் தீர்ந்ததில்லை.)

4

ஓடையில் சக்கரம் வைத்துக் கரண்ட் எடுத்துத் தரும் சங்கம் ஒன்று லயத்துக்கு வந்தது. ஓடை பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அரசாங்கக் கரண்ட் வரப்போகிற இடத்தில் அவர்கள் கை வைப்பதில்லை. வருமா என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஊர் மெம்பர் நேரில் சொல்ல வேண்டும்.

ஜீவராணி கடைக்கு வந்தாள்.

“மொதலாளி, லயத்துக்குக் கரண்ட் லைன் வருமாங்க?”

“வரும் புள்ள.”

“வராதுன்னு ஒங்களுக்கே தெரியுமுங்க. வியாழக்கெழம அந்தச் சங்கத்து மாத்தயாமாரு இங்க வாராங்க. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

“எலெக்‌ஷன் வருதே புள்ள.”

“அதாச்சும் வருதுங்களே,” என்றாள் ஜீவராணி.

5

வீட்டில் பளீல் கண்ணாடி முன்னால் நின்று ‘இல்லை’ சொல்லிப் பழகிப் பார்த்தார். வாய்தான் கோணியது. மனைவி றுகையா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இல்லண்டதச் சிங்களத்துல ‘நே’ண்டு செல்லுங்களே. பரக்கத்துக்குச் சிங்களம் வெளங்காது.”

“ஓட்டுப் போடுற ஆக்களுக்கு வெளங்குமே.”

“நீங்க அந்தப் புள்ளட கையப் பாத்தீங்களா?”

பார்த்திருக்கவில்லை. அதற்கும் இல்லை என்று சொல்ல வராமல், “பாக்கோணும்,” என்றார்.

6

வியாழக்கிழமை கடையில் நல்ல கூட்டம். அத்தனையும் ஓட்டு. சங்கத்து மாத்தயாமார் (ஐயாமார்) இருவர். பக்கத்தில் ஜீவராணி. துஷ்யந்தி டொபி மிட்டாய்ப் போத்தலுக்கு அருகே வெந்த கையை வைத்துக்கொண்டு நின்றாள். பளீல் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தபிறகு அவரால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

“மெம்பர், மேல் லயத்துக்கு லைன் வருமா, இல்லையா?”

பளீல் வாயைத் திறந்தார். “இ—”

இந்த ‘இ’யைப் பல விதமாக முடித்துப் பார்த்தேன். ‘இந்த வருஷமே வரும்.’ கடை கைதட்டியது, மாத்தயாமார் வேறு லயம் பார்க்கப் போனார்கள். ‘இன்ஷா அல்லாஹ்.’ “அல்லாட பேர இதுக்கு இழுக்காதீங்க,” என்று உள்ளேயிருந்து றுகையா குரல் கொடுத்தாள். அதையும் வெட்டினேன். மிஞ்சிய ஒன்றை எழுதினால் பளீல் தோற்றுப்போவார். தோற்றுவிட்டு எண்ணெய் விற்கலாமென்றால், கரண்ட் வந்த லயத்தில் அதையும் வாங்க ஆள் இருக்காது.

கதைக்கு முடிவு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். இல்லை. பாருங்கள், எனக்கு அது எவ்வளவு லேசாக வருகிறது. நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. என் மேசைக்கு மேலே லைட்டும் எரிகிறது.

பளீல் இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். துஷ்யந்தி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிச்சம் இரண்டு எழுத்துதான். நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.