வாங்க என்று சொல்லாத கடை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அய்யாதுரையைவிட நல்ல சாட்சி கச்சேரி ரோட்டில் கிடையாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து இரண்டு மூட்டைத் துணியோடு வந்தவர், "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே, யுத்தம் முடிந்த மறு வருஷம் சொந்தக் கட்டடம் வாங்கிவிட்டார். கடைத்தெருவில் எத்தனையோ பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கூப்பிட்டால் மட்டும் சொந்தக்காரன் கூப்பிட்ட மாதிரி இருக்கும்.

அந்தக் கட்டடம் சாந்தோம் பக்கத்துக் கடைசியில் இருந்தது. அந்த வரிசை முழுக்கவே பழைய கடைகள்தான். காரை பெயர்ந்த தூண்கள், ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கும் பலகைக் கதவுகள். இது அவற்றிலும் பழசு. நெற்றியில் சுண்ணாம்பில் ஒரு சிலுவை, அதன் கீழே 1861. கீழே கடை, உள்ளேயே மாடிப்படி, மேலே குடியிருக்க இரண்டு அறை. மூன்று தலைமுறையாக அது சவப்பெட்டிக் கடை. அதைக் கடைசியாக நடத்திய லியோனார்ட் இறந்த பிறகு அவர் மனைவி ஃப்ளோரா அதை விற்றுவிட்டுப் பின்சந்துக்குக் குடிபோனாள். பெட்டி செய்த நீளத் தேக்கு மேஜை வாசல் வழியாக வெளியே போகவில்லை. துணி கிழிக்க ஆகும் என்று அய்யாதுரை வைத்துக்கொண்டார். ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், யாருக்கு நஷ்டம்?

கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பத்து வருஷத்துக்குப் பிறகு மனைவி சீதாவுக்கு இப்போது எட்டாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லை, பிரசவமும் மாடியில்தான். இந்தக் குழந்தை தக்க வேண்டும். அய்யாதுரைக்கு வேறு வேண்டுதலே இல்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தி வாசலில் நின்றாள். "வாங்கம்மா, உள்ள வாங்க," என்றார். வந்தாள். பேசாமல் மேஜைமேல் ஒரு நூலை நீட்டி வைத்தாள். அந்த அளவுக்குத் துணி போலிருக்கிறது என்று மல் துணியை அதோடு வைத்துக் கிழித்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. மடித்துவிட்டு நிமிர்ந்தால் ஆளில்லை, நூலுமில்லை. பழக்கதோஷம், வெறும் வாசலைப் பார்த்து "மறுபடியும் வாங்க," என்றார்.

மறுநாளும் கூப்பிட்டார், வந்தாள். அதே நூல். அதற்கடுத்த நாள் கடை நடுவில் நின்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே சீதா தனியாக இருந்தாள்.

காலையில் பூசை முடிந்து வந்த ஃப்ளோராவை நிறுத்திக் கேட்டார். நூல் என்றதுமே அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எவ்ளோ நீளம், நைனா?"

கையால் காட்டினார்.

"கொயந்த அளவு," என்றாள் ஃப்ளோரா. "செத்தவங்கள நூல்ல அளந்து எடுத்தாருவாங்க. மேஜமேல வச்சிட்டு நிப்பாங்க. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். எங்க மாமனார் காலத்துலருந்து இந்தக் கடையில யாரையும் வாங்கன்னு சொன்னதில்ல. போய்ட்டு வாங்கன்னும் சொன்னதில்ல. சாவுக்கு வந்தவங்கள யாராச்சும் மறுபடி கூப்புடுவாங்களா? நீ இன்னா, தெருவுக்கே கேக்கறாப்ல கூப்ட்டுக்கினே கீற!"

"யாரும்மா அவ?"

"எந்தத் தாயின்னு சொல்றது? அந்த அளவுக்கு எத்தினியோ பொட்டி செஞ்சோம். வாயத் தொறக்காத. கூப்புடலன்னா உள்ள வரமாட்டாங்க."

சீதாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை யாராவது பயமுறுத்துவார்களா?

வாயால் பிழைத்த மனிதர் அன்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாசல்வரை வந்த வாடிக்கைக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். தொலையட்டும்.

விளக்கு வைத்ததும் அவள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். அய்யாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். வெகுநேரம் நின்றாள். பிறகு தெருப்பக்கம் திரும்பினாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி.

கடையில் சத்தமே இல்லையே, புருஷன் எங்கோ போயிருக்கிறார் என்று நினைத்துத்தான் சீதா மாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒரு பொம்பளை.

"அக்கா, யாரு நிக்கிறது? கடையில அவுக இல்லையா? வாசல்ல நிக்கப்படாது, மேல வாங்க."

அவள் திரும்பினாள்.

போ என்று கத்த வாயைத் திறந்தார் அய்யாதுரை. ஆயுசில் யாரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தை, வரவில்லை. நூலை விரலில் சுற்றிக்கொண்டு அவள் அவரைக் கடந்து படியேறினாள்.