மஞ்சள் கட்டில், நீலக் கதவு

1

இந்தக் கதையை யாரோ சொல்லக் கேட்டதாகத்தான் முதலில் எழுதினேன். பொய். நூலக மாடியில் சனிக்கிழமை ஓர் ஓவியப் பட்டறை நடந்தது. ஏதாவது கதை தேறுமா என்று பார்க்கப் போனேன், துணைக்குத் தங்கையையும் இழுத்துக்கொண்டு. கதை தேறிவிட்டது. மூன்று நாளாக அதை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அடித்துப்போட்ட ஆரம்பங்கள்:

‘வண்ணங்களின் மொழியை அவள் அறிந்திருந்தாள்...’ (த்தூ.)

‘கலை என்பது ஒரு...’ (இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.)

2

தன் படுக்கையறையையே வரைந்து உலகப் புகழ்பெற்ற ஓர் ஓவியரின் படத்தைச் சுவரில் காட்டினார்கள். மஞ்சள் கட்டில், இரண்டு நாற்காலி, கோணல் தரை.

“இதே மாதிரி உங்க ரூமை ஞாபகத்துல இருந்து போடுங்க. இருக்கறதை விடாதீங்க, இல்லாததைச் சேர்க்காதீங்க” என்றார் ஓவிய ஆசிரியர். எல்லோரும் அவரைத் திருத்தல் சார் என்றே கூப்பிட்டார்கள். மனிதருக்குக் கை சும்மா இருக்காது. நம் படத்தில் எது குறைகிறதோ அதைத் தன் தூரிகையாலேயே போட்டுவிட்டுப் போவார்.

“அண்ணா, இது கட்டிலா, தோணியா?” என்று என் படத்தைப் பார்த்துச் சிரித்தாள் தங்கை. அவள் படம் அச்சு அசலாக இருந்தது. மஞ்சள் கட்டில், ஒற்றை நாற்காலி, கம்பி போட்ட ஜன்னல், சுவிட்சுப் பலகையின் விரிசல்கூட. சாத்திய நீலக் கதவு.

“பிரமாதம்மா! கதவுக்குத் தாழ்ப்பாள்தான் மறந்துட்ட” என்று சொல்லி, அவள் வாய் திறப்பதற்குள் கறுப்பில் ஒரு தாழ்ப்பாளை வரைந்துவிட்டார் சார்.

அவள் துணியை எடுத்து அதைத் துடைத்தாள்.

“மறக்கல சார். அது வெளிப்பக்கம் இருக்கு.”

சுவிட்சு இடது பக்கம் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள். சாரின் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்து மேசைப் பெண்மணி என்னைப் பார்த்தார்.

3

இந்த இடத்தில் ஒரு வில்லன் தேவை. தங்கை கணவரை அப்படி எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனதும் “சாப்டீங்களா மச்சான்?” என்று கேட்கிறவர். பட்டறைக்கு அனுப்பும்போதும் தன்மையாகத்தான் சொன்னார்: “நாலு மணிக்கு முடியுதுல்ல, நாலரைக்குக் கொண்டுவந்து விட்டுடுங்க.” என்ன பாசம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல?

4

(முந்தைய மூன்று பிரதிகளில் இந்தப் பகுதி இல்லை. அடிக்குறிப்பாகப் போட்டால் நீங்கள் படிக்காமல் தாண்டிவிடுவீர்கள் என்றுகூட நினைத்தேன்.)

அந்தத் தாழ்ப்பாளை மாட்டியவன் நான்.

இரண்டு வருஷம் முன்பு. “தூக்கத்துல எழுந்து நடக்கறா மச்சான். மாடிப்படி வேற இருக்கு, பயமா இருக்கு” என்றார். கடைக்குப் போய் எட்டு அங்குலத்தில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தேன். திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது அவள்தான். “இனிமே எங்க தப்பிக்கறன்னு பாக்கறேன்” என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். இடி விழுந்தாலும் புரண்டு படுக்காதவள் அவள். ‘நீ நடக்கிறாயா?’ என்று அவளிடம் ஒரு வார்த்தை...

5

நூலகப் படியில் வைத்துக் கேட்டேன்.

“ஏன்டி, உன்னை உள்ள வச்சுத் தாழ் போடறார்னு எங்கிட்ட சொல்லல?”

“நீதானே மாட்டின?” என்றாள். “உனக்கும் தெரியும்னு நினைச்சேன்.”

இரண்டு வருஷம். ஒவ்வொரு முறை நான் அந்த வீட்டுக் கூடத்தில் காலாட்டிக்கொண்டு டீ குடித்தபோதும், எல்லாம் தெரிந்துதான் குடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மணி நாலரை.

6

சனிக்கிழமை அவள் திரும்பிப் போகவில்லை, என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். (இது முடிவு அல்ல.) இன்று செவ்வாய். ஐந்து மணிக்கு அவர் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவளை அழைத்துப்போக வருகிறார். “ஒரு தாழ்ப்பாளுக்கா இவ்வளவு ரகளை?” என்கிறாள் அம்மா. பெற்ற தாய்!

முடிவு ஒன்று: நான் திருப்புளியோடு போய் அதைக் கழற்றி அவர் முகத்தில் எறிகிறேன்.

முடிவு இரண்டு: ‘என் தங்கை வரமாட்டாள்’ என்று வாசலில் நின்று முழங்குகிறேன்.

பிரதியை அவளிடம் கொடுத்தேன். இரண்டையும் குறுக்கே அடித்தாள்.

“இதுலயும் நீயேதான் மாட்டற, நீயேதான் கழட்டற” என்றாள்.

அழைப்பு மணி அடிக்கிறது. அவள் எழுந்து என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது, உள்பக்கத்திலிருந்து.

எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். முடிவு ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் சொல்லாதீர்கள். போய் அந்தக் கதவைத் தட்டி, முதலில் அவளைக் கேளுங்கள்.