எரிகிற வானமே

நகரத்தைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று வரச்சொன்னவன், காலையில் போனுக்கு நாலைந்து இடங்களின் பெயரை அனுப்பிவிட்டு மீட்டிங்கில் போய் உட்கார்ந்துகொண்டான். "ஒவ்வொண்ணா பாத்துட்டு இரு மாப்ள. சாயங்காலம் நேரா கிரவுண்டுக்கு வந்துர்றேன்." பார்த்தேன். மண்டை வெடிக்கிற வெயிலில், கறுப்பு டீ-ஷர்ட்டோடு, கோட்டையைப் பார்த்தேன். மியூசியத்தில் செத்துப்போன ராஜாக்களின் செருப்புகளைப் பார்த்தேன். ஆற்றுப் பாலத்தில் கல்யாண ஜோடி ஒன்று என்னைப் போட்டோ எடுத்துத் தரச்சொன்னது. தலை வெட்டுப்படாமல் எடுத்துக் கொடுத்தேன். நம்மை எடுக்கத்தான் ஆளில்லை.

ஒல்லி என்று அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான். பள்ளிக்கூட நாட்களில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கேசட். காது கிழிகிற மெட்டல் பாட்டு. ஒருநாள் டேப் ரிக்கார்டர் நாடாவை மென்று துப்பிவிட்டது. நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினோம். அதிலிருந்து எங்கள் பாட்டு நடுவில் ஒரு தாவு தாவும். தமிழில் சொன்னால், 'எரிகிற வானமே' என்று பாடகன் அலறி நிறுத்தியதும் ஒரு பெரிய அமைதி வரவேண்டும். எங்களுக்கு மட்டும் உடனே எங்கிருந்தோ 'கதவைத் திற' வந்து விழும். சரியான பாட்டைப் பிறகு எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வாய் கேட்டால்தானே? இந்த பேண்டை நேரில் பார்க்கிற அன்றைக்கு அந்த இடத்தில் நம் பாட்டைத்தான் கத்த வேண்டும் என்று அப்போதே பேசி வைத்திருந்தோம். போன மாதம் அவர்கள் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அவனேதான் ஞாபகப்படுத்தினான். "கத்தறோம் மாப்ள. ஊரே திரும்பிப் பாக்கணும்."

எனக்கு டீ-ஷர்ட் பிரிண்டிங் தொழில். சும்மா இருப்பேனா? 'எரிகிற வானமே, கதவைத் திற' என்று எங்கள் வரியை முதுகில் போட்டு இரண்டு அடித்தேன். ஒன்று என் உடம்பில், ஒன்று பையில்.

மைதானத்துக்கு ஒல்லி ஆபீஸ் ஆட்களோடு வந்தான். தொப்பை சட்டைக்கு முன்னால் வந்தது. டீ-ஷர்ட்டைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்து, "டேய், இதுல என் ஒரு கைதான்டா நுழையும்" என்று சிரித்தான். வாஸ்தவம்தான். என் மனசில் இருந்த அளவுக்கே அடித்துத் தொலைத்திருந்தேன். நானும் சிரித்தேன். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

முந்தின நாள் மழையில் புல் சொதசொதவென்று கிடந்தது. அவனுடைய மேனேஜர் அம்மா உட்கார இடம் தேடினார். ஒல்லி சட்டென்று அந்த டீ-ஷர்ட்டைப் புல்லில் விரித்தான். "உக்காருங்க மேடம், பரவால்ல." அந்த அம்மாவுக்கே கூச்சம். "ஐயோ, புதுசு மாதிரி இருக்கே. இவர் உங்க ஃப்ரெண்டா?"

"தெரிஞ்சவரு. டீ-ஷர்ட் பிரிண்ட் பண்றவரு."

'தெரிஞ்சவரா?' என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் ட்ரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. நெஞ்செலும்பில் இடிக்கிற அந்தச் சத்தத்தில் வெட்கங்கெட்டவனாய் எல்லாவற்றையும் மறந்தேன். அந்தப் பாட்டு வரட்டும், கத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாட்டு வந்தது. பாடகன் 'எரிகிற வானமே' என்று அலறி நிறுத்தினான். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் கத்தினேன். "கதவைத் திற!"

ஊரே திரும்பித்தான் பார்த்தது. யாரோ "யோவ், அவசரக்குடுக்கை!" என்றார்கள். ஆபீஸ் கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நான் ஒல்லியைப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது. முதல் எழுத்துக்கு உதடு விரிந்துவிட்டிருந்தது. மேனேஜர் திரும்பியதும் அதைக் கையால் மூடி, இருமுவதுபோலச் செய்தான். பிறகு அவர்களோடு சேர்ந்து சிரித்தான். மறந்திருந்தான் என்றால் விட்டிருப்பேன். பாவி, மறக்கவில்லை.

மறுநாள் காலையில் போனில் செய்தி வந்திருந்தது. 'செம ஷோ மாப்ள. பஸ் ஏறதுக்கு முன்னாடி லைட் ஹவுஸ் பாத்துட்டுப் போ.' நான் அதே டீ-ஷர்ட்டோடு மைதானத்துக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. காது இன்னும் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துப்புரவுக்கார அம்மா ஒருத்தி தண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டே வந்தாள். சேற்றில் அமுங்கிக் கிடந்த இன்னொரு டீ-ஷர்ட்டை எடுத்து உதறி, என் முதுகையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்பா, இது உன்னுதா?"

"இல்லக்கா. தெரிஞ்சவர் ஒருத்தரோடது."

"திரும்பி வருவாரா?"

"வரமாட்டாரு."

சேறு படிந்த பக்கத்தைக் குழாயில் அலசிப் பிழிந்து, வெயில் ஏறட்டும் காய்ந்துவிடும் என்று சொல்லியபடி போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. பிறகு முதுகைக் காட்டிக் குனிந்து, பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டே, திறந்து கிடந்த பெரிய கேட்டை நோக்கிப் போனாள்.