கைப்பிடி இல்லாத நாற்காலி

அன்று அதுதான் அவளுக்குக் கடைசி வீடு. வயதான பெண்களின் நடையையும் உடல் பலத்தையும் பார்த்துச் சொல்வது பிசியோதெரபிஸ்டான அவள் வேலை. தன்னுடையதைப் பார்க்க அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை.

கதவைத் திறந்தவர் தங்கை. எழுபதைத் தாண்டியும் வீட்டில் அவர் பெயர் 'சின்னது'. உள்ளே கட்டிலில் அக்கா, தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் அவர் 'ஹெச்செம்'தான். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹெச்செம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மாதங்கள் ஆகியும் அவர் தானாக எழுந்து நடக்கவில்லை.

"அவளால ஒண்ணும் முடியாதும்மா. தூக்கி உக்கார வைக்கிறதுல இருந்து எல்லாம் நான்தான்."

"முடியுமா முடியாதான்னு பாக்கத்தானே வந்திருக்கேன்."

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, ஹெச்செம்மை அதில் உட்கார வைத்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழ வேண்டும். பிறகு கதவுவரை நடக்க வேண்டும்.

ஹெச்செம் முன்னால் சாய்ந்தார். உடம்பு எழும்பும்போதே சின்னது பாய்ந்து வந்து அக்குளில் கைகொடுத்தார். அந்தக் கை பட்டதும் ஹெச்செம் அப்படியே தளர்ந்து தங்கைமேல் சரிந்தார். மறுபடி முயன்றபோதும் அதே கதை.

"நீங்க சோபாவுல போய் உக்காருங்கம்மா."

"விழுந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

"நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

சின்னது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். இந்த முறை ஹெச்செம்முக்குத் தொடை நடுங்கியது, மூச்சு வாங்கியது, ஆனாலும் எழுந்துவிட்டார். ஊர்ந்த மாதிரி கதவுவரை போய்த் திரும்பியும் வந்தார்.

சமையலறையில் பால் பொங்கித் தீயும் வாடை. "ஐயோ, அடுப்பு!" என்று சின்னது எழப் பார்த்தார். பிசியோ ஹெச்செம்மை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்தபோதும் சின்னது சோபாவில்தான் இருந்தார். இரண்டு முஷ்டிகளையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பாதி எழுந்தவர், பொத்தென்று விழுந்தார்.

"என்னடி?" என்றார் ஹெச்செம்.

"கால் மரத்துப்போச்சு. வேற ஒண்ணுமில்ல."

பிசியோ குனிந்து அவர் கால்விரல்களைத் தொட்டாள். "நான் தொடுறது தெரியுதா?"

சின்னது உதட்டைப் பிதுக்கினார்.

"ராத்திரி எப்படித் தூங்குறீங்க?"

"படுத்தா எந்திரிக்க முடியல. அதான் உக்காந்தே தூங்குறேன்."

"நான் கேட்டேனாடி, என்னைத் தூக்கச் சொல்லி?" ஹெச்செம் குரல் உயர்ந்தது.

"வேணாம்னு சொன்னியா?"

ஹெச்செம் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "விழுந்துருவேன்னு பயம். நீ பிடிச்சா தெம்பா இருந்தது."

பிசியோ மறுநாளே ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். சின்னதுக்கு முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச காலம் அக்காவைத் தூக்கியிருந்தால் கால் வராமலே போயிருக்கும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் காலில் உணர்ச்சி முழுமையாகத் திரும்பவில்லை.

சின்னது வீடு திரும்பிய பிறகு பிசியோ போனபோது, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர் ஹெச்செம். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"முதல்ல அவளைப் பாருங்க. ராத்திரி பூரா புலம்பல்."

"இவ துணி மடிச்ச லட்சணத்தப் பாருங்க முதல்ல," என்றது கட்டிலிலிருந்து வந்த குரல்.

ஹெச்செம் நாற்காலியில் சரிந்தார். "பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்ச்சவ நான். இவ ஒருத்தியப் பாக்குறதுல உடம்பு விட்டுப்போச்சும்மா."

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கலாம்," என்று பிசியோவும் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

மின்விசிறி சுற்றியது. மூன்று பேருக்கும் எழுந்திருக்க மனமில்லை.